வீணாகும் வெப்பமும் விலக்கப்படும் தமிழும்

எரிப்பது எளிது, எரித்ததன் முழுப்பயனையும் பெறுவதே அறிவுடைமை. இந்த அறிவு தமிழகத்துச் சிற்றூர்களின் அடுப்படியில் நெடுங்காலமாகக் குடியிருந்து வருகின்றது. களிமண்ணால் அமைந்த அடுப்பின் பெரிய வாயில் சோற்றுப்பானை ஏறும். அதனோடு உள்வழியால் இணைந்த சிறிய வாயில் குழம்புச்சட்டி ஏறும். அச்சிறிய வாய்க்கெனத் தனி விறகு இடப்படுவதில்லை. பெரிய வாயில் தன் பணியை முடித்துக்கொண்டு வெளியேற முந்தும் அனலே அதற்கு எரிபொருள். கொடியடுப்பு என்று அதற்குப் பெயரிட்டு, ஒரே விறகில் இரண்டு சமையலை முடித்தவர்கள் தமிழ்ப் பெண்கள். அவர்கள் எந்தப் பல்கலைக்கழகத்திலும் பயின்றவர்களல்லர்.

அந்தக் கொடியடுப்பின் கொள்கையைத்தான் இன்றைய பொறியியல், கழிவு வெப்ப மீட்பு என்னும் பெயரால் கற்பிக்கின்றது. கொதிகலனிலிருந்தும் சூளையிலிருந்தும் எந்திரத்திலிருந்தும் புகையாகவும் வெந்நீராகவும் வெளியேறி வீணாகும் வெப்பத்தை வழிமறித்து, மீண்டும் வேலை வாங்குவதே அதன் பொருள். ஊர்ப்புறங்களில் ஓடும் டீசல் எந்திரத்தை எடுத்துக்கொண்டால், அது குடிக்கும் எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே அச்சைச் சுழற்றும் வேலையாகின்றது. மற்றொரு பங்கு புகையோடு போகின்றது; எஞ்சிய பங்கைக் குளிர்விக்கும் நீரும் சுற்றியுள்ள காற்றும் கொண்டுபோகின்றன. மூன்று உருபாய் கொடுத்து ஓர் உருபாய்க்குப் பொருள் வாங்கும் வாணிகத்தை எந்தக் குடும்பமும் ஒப்புக்கொள்ளாது. நாடு மட்டும் நாள்தோறும் அதனை ஒப்புக்கொண்டிருக்கின்றது.

இங்கேதான் ஒரு வினா எழுகின்றது. இந்த இழப்பைத் தடுக்கவல்ல பொறியாளரை உருவாக்கும் கல்வி, அந்த அடுப்படிக்கு உரிய மக்களின் மொழியில் நடைபெறுகின்றதா? அடுப்படியில் தமிழாய் இருந்த அறிவு, கல்லூரி வாயிலை மிதித்தவுடன் அயன்மொழி உடுத்தினால்தான் அறிவென்று ஏற்கப்படுமா?

விழுப்புர மாவட்டத்தில், செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் இடைப்பட்ட நிலப்பகுதியில் உள்ளது வல்லம். ஊராட்சி ஒன்றியமாக விளங்கும் அவ்வூரைச் சுற்றிலும் நெல்லும், கரும்பும், மல்லாட்டை என்று அவ்வட்டார மக்கள் வழங்கும் நிலக்கடலையும் விளையும் சிற்றூர்கள். அவ்வூர்களின் உழவர் வீட்டுப் பிள்ளைகளிற் பலர் அரசுப் பள்ளிகளில் தமிழிலேயே பன்னிரண்டாம் வகுப்புவரை பயில்கின்றனர். அவர்கள் பொறியியல் பயில விரும்பினால், திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரிகள் உள்ளன. பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 விழுக்காடு இடம் ஒதுக்கித் தமிழக அரசு 2021-இல் சட்டம் இயற்றியபின், அக்கல்லூரிகளின் வாயில் அவர்கட்கு முன்னினும் அகலமாகத் திறந்தது.

வாயில் திறந்தது, வகுப்பறை திறந்ததா? பதினோராம் வகுப்பில் வெப்ப இயக்கவியலைத் தமிழில் படித்து, தமிழில் விளங்கிக்கொண்டு, தமிழில் விடையெழுதித் தேறிய மாணவன், கல்லூரியில் அதே வெப்ப இயக்கவியலை முன்பின் அறியாத ஒன்றைப்போல் ஆங்கிலத்தில் எதிர்கொள்கின்றான். அவனுக்கு வெப்பம் புதிதன்று; சொல் புதிது. சொல்லைத் துரத்துவதிலேயே முதலாண்டு கழிகின்றது. விளங்கவேண்டிய செய்தி மனப்பாடமாகின்றது. மனப்பாடமானது தேர்வு முடிந்ததும் மறைகின்றது. எரிபொருளின் ஆற்றலில் மூன்றில் இரு பங்கு வீணாகப் போவதைக் கண்டு வருந்தும் பொறியியல், மாணவனின் அறிவாற்றல் மொழிச்சுவரில் மோதி வீணாவதைக் கண்டு வருந்தவில்லை. அதுவும் ஒரு கழிவு வெப்பமே. மீட்பாரற்ற கழிவு வெப்பம்.

இத்தனைக்கும் அம்மாணவனைச் சுற்றி இப்பாடத்துக்குரிய ஆய்வுக்கூடங்கள் திறந்தே கிடக்கின்றன. செஞ்சி, திண்டிவனம், விழுப்புரம் வட்டாரங்களில் நெல் அவிக்கும் அரிசி ஆலைகள் உள்ளன. உமியை எரித்து நீராவி எழுப்பி, அந்நீராவியால் நெல்லைப் புழுக்கி, பின்னர்ச் சூடான காற்றால் உலர்த்துகின்றார்கள். கரும்பு விளையும் ஊர்களில் கொப்பரையேற்றி வெல்லம் காய்ச்சும் அடுப்புகள் உள்ளன. விழுப்புரத்துக்கு அருகே முண்டியம்பாக்கத்திலும், திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் பெரியசெவலையிலும் சருக்கரை ஆலைகள் உள்ளன. பெரியசெவலையில் உள்ளது உழவர்களின் கூட்டுறவு ஆலை. ஆலைக்கு வரும் கரும்பின் எடையில் ஏறத்தாழ 30 விழுக்காடு சக்கையாக எஞ்சுகின்றது. அச்சக்கையில் ஏறக்குறையப் பாதி ஈரம். அந்தச் சக்கையே ஆலைக்கு எரிபொருள்.

சருக்கரை ஆலையில் கரும்புச்சாற்றைக் கட்டியாக்கும் கலன்வரிசையைக் காட்டிலும் சிறந்த வெப்ப மீட்புப் பாடம் வேறில்லை. முதற்கலனில் நீராவியால் சாறு கொதிக்கின்றது. சாற்றிலிருந்து எழும் ஆவியைக் காற்றில் விட்டுவிடாமல் இரண்டாம் கலனுக்குக் கொண்டுசென்று, அங்குள்ள சாற்றைக் கொதிக்கவைக்கின்றார்கள். இரண்டாம் கலனின் ஆவி மூன்றாவதைக் கொதிக்கவைக்கின்றது. ஒவ்வொரு கலனிலும் அழுத்தம் முன்னதினும் குறைவாகையால், குறைந்த வெப்பநிலையிலேயே சாறு கொதிக்கின்றது. இவ்வாறு ஒரே நீராவி பல கலன்களில் திரும்பத் திரும்ப வேலை செய்கின்றது. அடிமைமுறை நிலவிய அமெரிக்க நாட்டின் உலூசியானாவில், கருப்பின வழித்தோன்றலாய்ப் பிறந்து பாரிசில் பயின்ற நோர்பர்ட்டு இரில்லியூ என்பார் 1840-களில் இம்முறையைப் படைத்து உரிமம் பெற்றார். இன்று உலகெங்கும் சருக்கரை ஆலைகள் அவர் காட்டிய வழியில் இயங்குகின்றன. கொடியடுப்பில் இரண்டு வாய். இரில்லியூவின் அமைப்பில் மூன்று வாய், நான்கு வாய். கொள்கை ஒன்றே.

இப்பாடத்தின் உயிர்நிலை மூன்று வினாக்களில் அடங்கும். எவ்வளவு வெப்பம் வீணாகின்றது? எவ்வளவு சூட்டில் வீணாகின்றது? அருகில் அதனை வேண்டி நிற்பது எது? முதல் வினா வெப்பத்தின் அளவைப் பற்றியது. இரண்டாம் வினா அதன் தகுதியைப் பற்றியது. ஒரு குளம் நிறைய இளஞ்சூடான நீர் இருந்தாலும் அதனைக்கொண்டு ஒரு கைப்பிடி அரிசி வேகாது. வெப்பத்துக்கு அளவு மட்டும் போதாது, தகுதியும் வேண்டும். பிரெஞ்சு நாட்டுச் சாடி கார்னோ 1824-இல் நிறுவிய எல்லையின்படி கணக்கிட்டால், 350 பாகை செல்சியசு சூட்டில் உள்ள வெப்பத்திலிருந்து, சுற்றுப்புறம் 30 பாகையாக இருக்கும்போது, பெறத்தக்க உயர்ந்த அளவு வேலை 51 விழுக்காடு. அதே வெப்பம் 150 பாகையில் இருந்தால் 28 விழுக்காட்டுக்கு மேல் எந்த எந்திரத்தாலும் இயலாது. நடைமுறையில் கிடைப்பது இவற்றினும் மிகக் குறைவு. ஆகவே மிகுந்த சூட்டில் வெளியேறும் புகையைக் கொண்டு நீராவி எழுப்பிச் சுழலியை ஓட்டலாம். குறைந்த சூட்டில் வெளியேறுவதை நீரையும் காற்றையும் நெல்லையும் சூடாக்கவே பயன்படுத்தல் வேண்டும். மூன்றாம் வினாவே பொறியாளனின் திறமையைக் காட்டுவது. வெப்பம் வெளியேறும் இடத்தையும், வெப்பம் வேண்டப்படும் இடத்தையும், இரண்டுக்கும் உரிய நேரத்தையும் இணைத்துப் பார்ப்பவனே வெப்பத்தை மீட்பான்.

இதனை வல்லத்து மாணவனுக்கு விளங்கும் வகையில் அவன் ஊர் ஆலையைக்கொண்டே கணக்கிட்டுக் காட்டலாம். மணிக்கு 1,000 கிலோ நீராவி எழுப்பும் உமிக் கொதிகலன் ஒன்று இருப்பதாகக் கொள்க. அதற்குள் செலுத்தப்படும் நீர் 30 பாகையில் இருக்கின்றது. புகைபோக்கிக்குச் செல்லும் வழியில் குழாய்க்கற்றை ஒன்றை வைத்து, அப்புகையின் சூட்டால் அந்நீரை 60 பாகைக்கு உயர்த்திய பின்னர்க் கொதிகலனுக்குள் விடுவதாகக் கொள்க. ஒரு கிலோ நீரை ஒரு பாகை உயர்த்த 4.2 கிலோயூல் வெப்பம் வேண்டும். எனவே மீட்கப்படும் வெப்பம் மணிக்கு 1,26,000 கிலோயூல். ஒரு கிலோ உமி எரிந்து தரும் வெப்பம் ஏறத்தாழ 13,000 கிலோயூல். அதில் 65 விழுக்காடே நீராவியைச் சென்றடைவதாகக் கொண்டால், மணிக்கு ஏறத்தாழ 15 கிலோ உமி மிஞ்சும். நாளொன்றுக்குப் பத்து மணிநேரம் ஓடினால் 150 கிலோ. ஆண்டுக்கு முந்நூறு நாள் ஓடினால் 45 டன். இதற்காகப் புகை தணியவேண்டிய சூடு 50 முதல் 60 பாகை வரைதான். செலுத்துநீரின் சூடு ஒவ்வொரு 6 பாகை உயரும்போதும் எரிபொருளில் ஏறத்தாழ 1 விழுக்காடு மிஞ்சும் என்று கொதிகலன் பொறியாளர் சொல்லும் கணக்கோடு இது பொருந்திவருவதையும் மாணவன் தானே காண்பான். மிஞ்சியது 5 விழுக்காடு.

இங்ஙனம் கண்ட மாணவன் அப்பாடத்தை மறப்பானா? தாளில் எழுதப்பெற்ற அயன்மொழிச் சூத்திரம் மறக்கலாம். தன் ஊர் ஆலையின் உமிக்குவியல் மறக்காது.

இனி, கணக்கு மட்டுமே பொறியியலாகாது. புகையை அளவுக்கு மீறிக் குளிர்வித்தால், எரிபொருளில் கந்தகம் இருக்குமாயின், புகையிலுள்ள ஈரத்தோடு அது சேர்ந்து கந்தகக் காடியாய்ப் படிந்து குழாயை அரித்துவிடும். உமிச்சாம்பல் குழாய்களின்மேல் படிந்து வெப்பம் புகாமல் தடுக்கும். அது கரடுமுரடானதாகையால் குழாயைத் தேய்க்கவும் செய்யும். இழுப்பு குறைந்தால் அடுப்பின் எரிதல் கெடும். இவற்றையெல்லாம் நூலறிவு சொல்லும். ஆனால் எந்த நேரத்தில் புகை கறுக்கின்றது, எந்த நெல்லுக்கு எவ்வளவு நேரம் ஆவி செல்கின்றது, எந்தக் குழாய் எத்தனை நாளுக்கு ஒருமுறை அடைபடுகின்றது என்பவற்றை அறிந்தவன் அந்தக் கொதிகலனின்முன் நின்று உமியைத் தள்ளும் தொழிலாளி. அவனிடம் கேட்டறிய வேண்டுமானால் தமிழில்தான் கேட்டல் வேண்டும். ஆலை உரிமையாளரிடம், இவ்வளவு செலவிட்டால் இத்தனை மாதத்தில் இவ்வளவு மீளும் என்று எடுத்துரைக்க வேண்டுமானாலும் தமிழில்தான் உரைத்தல் வேண்டும். ஆங்கிலத்தில் கற்று ஆங்கிலத்தில் எண்ணும் பொறியாளன், தன் அறிவை அந்த ஆலைக்குள் கொண்டுசெல்லும் வழியறியாமல் வாயிலிலேயே நின்றுவிடுகின்றான். நடுவணரசின் 2001-ஆம் ஆண்டு ஆற்றல் சேமிப்புச் சட்டம் பேரளவில் ஆற்றலைச் செலவிடும் பெருந்தொழில்களின்மீதே கண்வைத்தது. சிற்றூர் அரிசி ஆலைக்கும் வெல்லக் கொட்டகைக்கும் அறிவு சென்று சேரும் வழி, அவ்வூரிலிருந்து கல்லூரிக்குச் சென்ற பிள்ளையைத் தவிர வேறில்லை.

இத்தேவையை அரசு அறியாததன்று. 2010-ஆம் ஆண்டு அண்ணா பல்கலைக்கழகத்தில் எந்திரப் பொறியியலும் கட்டுமானப் பொறியியலும் தமிழ்வழியில் தொடங்கப்பெற்றன. உறுப்புக் கல்லூரிகளிலும் அவ்வகுப்புகள் இடம்பெற்றன. தமிழ்வழியில் பயின்றார்க்கு அரசுப் பணிகளில் 20 விழுக்காடு முன்னுரிமை அளிக்கும் சட்டமும் அவ்வாண்டிலேயே வந்தது. 2021-இல் அனைத்திந்தியத் தொழினுட்பக் கல்விக் குழுவும் தமிழ் உள்ளிட்ட எட்டு மொழிகளில் பொறியியல் கற்பிக்க இசைவளித்தது. எல்லாம் தாளில் நன்றாகவே இருந்தன. ஆயினும் 2023 மே மாதத்தில், மாணவர் சேர்க்கை குறைவென்று சொல்லி, உறுப்புக் கல்லூரிகள் பதினொன்றில் தமிழ்வழி வகுப்புகளை நிறுத்துவதாக அறிவிப்பு வந்தது. தமிழகமெங்கும் எதிர்ப்பு எழுந்தது. அறிவிப்பு உடனே திரும்பப் பெறப்பட்டது.

அறிவிப்புத் திரும்பியதோடு தமிழ்ப்பற்றாளரின் சினமும் தணிந்துவிட்டது. தணிந்திருத்தல் தகாது. வகுப்பை மூடாமல் வைத்திருப்பது வேறு. அவ்வகுப்பை உயிரோடு வைத்திருப்பது வேறு. மாணவர் ஏன் சேரவில்லை என்னும் வினாவுக்கு விடை காணப்பெறாதவரை, இன்றில்லாவிடில் நாளை, வேறொரு பெயரில் அதே அறிவிப்பு வரும். பெற்றோரைக் குறைகூறிப் பயனில்லை. தமிழில் பயின்றால் தனியார் தொழிலகங்கள் வாயிலைச் சாத்தும் என்று அவர்கள் அஞ்சுகின்றார்கள். அவ்வச்சம் கற்பனையன்று. ஆளெடுக்க வரும் தொழிலகங்கள் ஆங்கிலப் பேச்சையே அறிவென்று எடைபோடுகின்றன. வகுப்பறையில் தமிழைக் கேட்டு, நூலகத்தில் ஆங்கிலத்தைப் படித்து, தேர்வில் இரண்டையும் கலந்தெழுதும் மாணவன், இருமொழியிலும் ஊன்றாமல் ஊசலாடுகின்றான். ஆங்கிலப் பாடநூலின் நிழலாகத் தமிழ் வகுப்பு நடக்கும் வரையில் நிழலைத் தேடி எவரும் வரமாட்டார்கள்.

தமிழ்வழிப் பொறியியலுக்கு எதிராகச் சொல்லப்படும் தடைகள் மூன்று. முதலாவது, தமிழில் சொல் இல்லை என்பது. சொல் எந்த மொழியிலும் வானத்திலிருந்து விழுவதில்லை. வெப்பம் வேலையாக மாறுகையில் மீளாமல் சிதறும் பாங்கை அளக்க ஓர் அளவை வேண்டியிருந்தபோது, செருமானியரான உருடோல்பு கிளாசியசு 1865-இல் கிரேக்க வேரிலிருந்து என்ட்ரோபி என்னும் சொல்லைத் தாமே ஆக்கிக்கொண்டார். அதற்குமுன் அச்சொல் எந்த அகரமுதலியிலும் இல்லை. ஐரோப்பியர்க்குக் கிரேக்கம் எத்தகைய வேர்நிலமோ, அத்தகைய வேர்நிலம் தமிழர்க்குப் பழந்தமிழ். சிதறம் என்று அவ்வளவையைத் தமிழில் வழங்கும்போது, சொல்லே பொருளைக் காட்டுகின்றது. வெப்பமாற்றி, செலுத்துநீர்ச் சூடேற்றி, காற்றுச் சூடேற்றி, வெப்ப எக்கி என்று சொன்னால் கருவியின் பணி மாணவன் கண்முன் நிற்கின்றது. இடர்ப்பாடு சொல்லின்மையன்று, ஒரே கருவிக்கு ஆசிரியர்க்கொரு சொல், நூலுக்கொரு சொல் என்று பல சொற்கள் உலவுவதே இடர்ப்பாடு.

இரண்டாவது தடை, உலக அறிவியல் ஆங்கிலத்தில்தான் உள்ளது என்பது. வெப்ப அறிவியலின் வரலாறே இதனைப் பொய்யாக்குகின்றது. கார்னோ பிரெஞ்சில் எழுதினார். கிளாசியசு செருமன் மொழியில் எழுதினார். ஆங்கிலேயரும் இசுக்காத்துலாந்தியரும் தங்கள் மொழியில் எழுதினார்கள். 1816-இல் இராபர்ட்டு இசுடெர்லிங்கு என்னும் இசுக்காத்துலாந்து மதகுரு, எந்திரத்துக்குள் வெளியேறும் வெப்பத்தைத் தேக்கி மீண்டும் தரும் அமைப்புக்கு உரிமம் பெற்றார். 1828-இல் சேம்சு நீல்சன் இரும்புலைக்குச் சூடான காற்றைச் செலுத்தி நிலக்கரிச் செலவைக் குறைத்தார். 1845-இல் இங்கிலாந்தின் வேக்குபீல்டு ஊரினரான எட்வர்டு கிரீன், புகைவழியில் நீர்க்குழாய் வைத்துச் செலுத்துநீரைச் சூடேற்றும் கருவிக்கு உரிமம் பெற்றார். அவரவர் தாய்மொழியில் எண்ணியதால்தான் அவரவர் உலையடியில் நிகழ்ந்ததை அவரவர் கண்டுகொண்டனர்.

இந்தியாவிலேயே கண்கூடான சான்று ஒன்று உண்டு. பைஞ்சுதை எனப்படும் சிமெண்டு ஆக்கும் ஆலையில், சுண்ணக்கல்லைச் சுடும் உருளைச்சூளையிலிருந்து வெளியேறும் வளி, முன்சூடேற்றும் அடுக்குகளைக் கடந்த பின்னும் 300 பாகையை ஒட்டிய சூட்டோடு இருக்கும். அதனைக்கொண்டு நீராவி எழுப்பிச் சுழலியை ஓட்டினால் ஆலைக்கு வேண்டிய மின்னாற்றலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கும் அதற்கு மேலும் பெறலாம். இத்தகைய மின்னிலையம், 7.7 மெகாவாட்டுத் திறனில், இன்று தெலங்கானாவில் உள்ள விட்டுணுபுரத்துச் சிமெண்டு ஆலையில் 2004-ஆம் ஆண்டளவில் அமைந்தது. அதனை அமைக்கத் துணைநின்றது சப்பான் நாட்டின் நெடோ என்னும் அரசு சார்ந்த ஆற்றல் வளர்ச்சி அமைப்பு. அந்தச் சப்பானியப் பொறியாளர் வெப்ப இயக்கவியலை எந்த மொழியில் பயின்றவர்? சப்பானிய மொழியில். தாய்மொழியில் பயின்றவன் கருவியைப் படைத்து விற்கின்றான். அயன்மொழியில் பயின்றவன் அதனை விலைகொடுத்து வாங்குகின்றான். ஆங்கிலமே அறிவின் வாயில் என்பார் இதற்கு விடை கூறட்டும். அரியலூர்ப் பகுதியின் சுண்ணக்கல்லும் அதே சூட்டில்தான் வேகின்றது.

தமிழில் உயர்தொழிற்கல்வி இயலும் என்பதற்குத் தமிழரிடையே பழைய சான்றும் உண்டு. 1860-களிலேயே யாழ்ப்பாணத்து மானிப்பாயில், அமெரிக்க மருத்துவரான சாமுவேல் கிரீன், மேனாட்டு மருத்துவத்தைத் தமிழ் மாணவர்க்குத் தமிழிலேயே கற்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழாக்கி வெளியிட்டார். அயலவர் ஒருவர் தமிழைக் கற்றுக்கொண்டு, தமிழில் சொல்லாக்கி, தமிழில் மருத்துவரை உருவாக்கினார். ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின்னர்த் தமிழர் தம் பிள்ளைகட்குத் தமிழில் கொதிகலனைக் கற்பிக்க இயலாது என்பது நாணத்தக்க கூற்று.

மூன்றாவது தடை, பிழைப்பு. இதனை எள்ளி ஒதுக்குதல் கூடாது. வல்லத்து உழவன் தன் நிலத்தை அடகுவைத்துப் பிள்ளையைப் படிக்கவைப்பது தமிழைக் காப்பதற்காக மட்டுமன்று, குடும்பத்தைக் காப்பதற்காக. அவன் பிள்ளை ஆங்கிலத்தையும் கற்கட்டும்; நன்றாகவே கற்கட்டும். ஆனால் மொழியைக் கற்பது வேறு, மொழியின்வழிக் கற்பது வேறு. நான்காண்டுப் படிப்பில் ஆங்கிலத்தை ஒரு மொழியாக முறையாய்ப் பயிற்றினால், தமிழில் வெப்பத்தை விளங்கிக்கொண்ட மாணவன், விளங்கியதை ஆங்கிலத்திலும் சொல்வான். விளங்காததை எந்த மொழியிலும் சொல்ல இயலாது.

ஆகவே செய்யத்தக்கவை இவை.

ஒன்று: திண்டிவனம், விழுப்புரம் போன்ற உறுப்புக் கல்லூரிகளின் தமிழ்வழி எந்திரப் பொறியியலில் கழிவு வெப்ப மீட்பைக் களப்பணியோடு கூடிய பாடமாக நடத்துதல் வேண்டும். ஒவ்வொரு மாணவனும் ஓர் ஆலையின் புகைபோக்கியை அளந்து, எவ்வளவு வெப்பம் போகின்றது, எவ்வளவு மீளும், எத்தனை மாதத்தில் செலவு திரும்பும் என்னும் அறிக்கையைத் தமிழில் எழுதி, அவ்வாலை உரிமையாளரிடம் ஒரு படி தருதல் வேண்டும்.

இரண்டு: அந்த அறிக்கைகளிலிருந்தே பாடநூல் உருவாதல் வேண்டும். ஆங்கில நூலைச் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதால் பிறப்பது நூலாகாது. பாய்லர், எகனாமைசர் என்று ஆலைத் தொழிலாளி இன்று வழங்கும் சொற்களையும், ஆங்கிலச் சொற்களையும், அவற்றுக்குரிய தமிழ்ச் சொற்களையும் ஒருங்கே காட்டும் கலைச்சொற் பட்டியல் ஒன்றைப் பல்கலைக்கழகம் முடிவுசெய்து, ஆசிரியர் அனைவரும் அதனையே பின்பற்றுமாறு செய்தல் வேண்டும். சொல் ஒன்றாய் நிலைத்தால் நாவில் நிலைக்கும்.

மூன்று: கூட்டுறவுச் சருக்கரை ஆலைகளும் மின்வாரிய நிறுவனங்களும் தமிழக அரசின் கையில் உள்ளன. அங்கே பயிற்சிக்கும் பணிக்கும் தமிழ்வழிப் பொறியாளர்க்கு உள்ள முன்னுரிமை ஏட்டில் உறங்காமல் நடைமுறைக்கு வருதல் வேண்டும். அவர்களைத் தேர்ந்தெடுக்கும் நேர்காணல் தமிழில் நடைபெறுதல் வேண்டும். அரசே தமிழில் வினவாதபோது, தனியாரைத் தமிழில் வினவச்சொல்ல எவர்க்கு வாயுண்டு?

நான்கு: தமிழ்ப்பற்றாளர் தம் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தோள்கொடுத்தல் வேண்டும். மேடையில் தமிழ் வாழ்க என்று முழங்கிவிட்டுத் தம் மக்களை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்புவோரால் எந்த வகுப்பும் நிறையாது. ஆலை வைத்திருக்கும் தமிழர், தம் புகைபோக்கியை அளந்துபார்க்க வரும் தமிழ்வழி மாணவனுக்கு வாயிலைத் திறந்துவிடுதலே தமிழ்த்தொண்டு. பொறியியல் கற்றுப் பணியாற்றும் தமிழர், ஆளுக்கொரு பாடத்தைத் தமிழில் எழுதித் தருதல் தமிழ்த்தொண்டு.

மொழி, பாட்டிலும் மேடையிலும் மட்டும் வாழ்ந்தால் அது விழாநாள் உடையாகிவிடும். உலையடியிலும் கொதிகலனின் முன்னும் கணக்கேட்டிலும் வழங்கும் மொழியே அன்றாட உடையாய் உடலோடு ஒட்டியிருக்கும். தமிழில் ஒரு மாணவன் ஓர் ஆலையின் வெப்பத்தை மீட்டு, அந்த ஆலைக்கு ஆண்டுக்கு நாற்பத்தைந்து டன் உமியை மிச்சப்படுத்தித் தந்தான் என்னும் செய்தி, ஆயிரம் மாநாட்டுத் தீர்மானங்களைக் காட்டிலும் அடுத்த ஆண்டு அவ்வகுப்பை நிரப்பும்.

வல்லத்தைச் சுற்றியுள்ள புகைபோக்கிகள் நாள்தோறும் புகைந்துகொண்டிருக்கின்றன. அப்புகையோடு வெப்பமும் போகின்றது. அவ்வூர்ப் பள்ளிகளில் தமிழில் பயின்ற பிள்ளைகளின் அறிவும் போகின்றது. முன்னதை மீட்கும் வழி பொறியியலில் உண்டு. பின்னதை மீட்கும் வழி தமிழில் உண்டு. இரண்டையும் ஒரே வகுப்பறையில் இணைப்பதே இன்றைய கடமை. இணைக்கும் பொறுப்பு அரசுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் உண்டு. இணைக்கச்செய்யும் பொறுப்பு தமிழ் மக்களுக்கு உண்டு.